அக்குளில் பன்னிரண்டு குப்பிகள்

பூஜ்ஜியத்துக்குக் கீழே முப்பத்தாறு பாகை.
உல்கி நகரச் சந்தைக்குப் பின்னால்
இரண்டு வண்டிகளுக்கு நடுவே நிற்கிறேன்,
ஒரே நாளில் இரண்டு வீட்டில் பெண் பார்க்கிற
மாமியாரைப் போல.

ஒன்று என்னுடையது.
ரஷ்யாக்காரன் எண்பத்து நாலில் செய்த உவாஸ்.
பச்சை என்று பதிவேடு சொல்கிறது;
கதவு வேறு ஏதோ சொல்கிறது.
மற்றது மியாக்மர் எல்லை தாண்டிக் கொண்டுவந்த
வெள்ளை ஜப்பான் வண்டி.
சாவி பையில் இருந்தாலே போதுமாம்.
திரையைத் தொட்டால் இருக்கை சுடுமாம்.
"தொட்டுப் பாருங்கள், டாக்டர்."
கையுறையோடு தொட்டேன்.
அதற்கு என்னை யாரென்று தெரியவில்லை.

ஆட்டு டாக்டர் நான்.
பத்தொன்பது குளிர்காலம்
சென்கெல் பக்கத்துக் கிடைகளுக்குத் தடுப்பூசி சுமந்தவள்.
மருந்து உறையக் கூடாது.
உவாஸின் ஹீட்டரோ
என் வலது முழங்காலைத் தவிர
யாரையும் கவனிக்காது.
எட்டு மணி நேரத்தில் மருந்துப் பெட்டியும் கல்லாகும்.
ஆகவே கோட்டுக்குள்,
இடது அக்குளில் ஆறு குப்பி, வலதில் ஆறு,
அடைக்கோழி மாதிரி உட்கார்ந்து ஓட்டுவேன்.
கையைத் தூக்கினால் விழுந்துவிடும்.
"கிளட்சை மிதியுங்கள், கியரை நான் போடுகிறேன்"
என்பான் பக்கத்திலிருந்து ஏர்போலாத்.
இரண்டு பேர் சேர்ந்து ஓட்டின
ஒரு வண்டி.

விடிந்தால் அதன் வயிற்றுக்கடியில்
ஊதுவிளக்கைக் கொளுத்தி
எண்ணெய் இளகும்வரை மண்டியிட வேண்டும்.
தொழுகையில்கூட நான்
அவ்வளவு நேரம் மண்டியிட்டதில்லை.
ஆனால் ஆற்று நடுவில் நின்றுபோனால்
ஒரு ஸ்பானர், ஒரு கெட்ட வார்த்தை,
கிளம்பிவிடும்.

இது நின்றுபோனால்?
"நிற்காது," மியாக்மர் சிரித்தான்.
நின்றால்?
"உலான்பாதருக்கு அனுப்பிச் சரிபார்க்கலாம்."
ஆயிரத்து அறுநூறு கிலோமீட்டர்.
கோவ்த் ஆற்றிடம் சொல்லிவைக்க வேண்டும்,
அதுவரை உருகாதே என்று.

சாக்சாய் வரை ஓட்டிப் பார்த்தேன்.
சக்கரம் சறுக்கியதைத்
திரையில் படமாகப் பார்த்தேன்.
உவாஸில் அது பல்லில் தெரியும்.
அடியில் உருளும் கல்லின் அளவை
பிட்டத்தால் சொல்வேன்.
இது மணி அடித்து மன்னிப்புக் கேட்கிறது.
மன்னிப்புக் கேட்பதை
எப்படித் திட்டுவது?

பின் இருக்கையில் மருந்துப் பெட்டி.
போகும்போது வெப்பமானி நாலு பாகை காட்டியது.
வரும்போதும் நாலு.

அங்கே முடிந்துவிட்டது. மற்றதெல்லாம் பேச்சு.

போன பிப்ரவரியில் சகிண்டிக்கின் கிடையில்
என் மருந்து பலிக்கவில்லை.
அக்குளில் சூடு கூடியதா, போதவில்லையா,
இன்றுவரை தெரியாது.
நாற்பத்தோரு ஆடு.
அந்தக் கணக்கை யாரும் என்னிடம் கேட்கவில்லை.
நான்தான் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

உவாஸை வாங்க வந்தவனும் சகிண்டிக்தான்,
இரண்டு யாக்கை ஓட்டிக்கொண்டு, மீதிக்குப் பணத்தோடு.
ஒவ்வொரு குறையாகச் சொன்னேன்:
ஹீட்டர், பிரேக், காற்றுப் புகும் கூரை.
"தெரியும்," என்றான்.
"அந்த ராத்திரி முழுக்க
இதன் சத்தத்துக்குத்தான் காதைத் தீட்டிக்கொண்டிருந்தேன்."
எந்த அர்த்தத்தில் சொன்னான் என்று
நான் கேட்கவில்லை.

ஊதுவிளக்கை எடுத்துக் கொடுக்கப் போனேன்.
அதற்குள் ஏறி உட்கார்ந்து சாவியைத் திருகினான்.
முப்பத்தாறு பாகையில், நெருப்பே காட்டாமல்,
முதல் திருகிலேயே உறுமியது
பத்தொன்பது வருஷத்தில் ஒருநாளும் எனக்குச் செய்யாததை.

துரோகி, என்றேன்.
ஏர்போலாத் திரும்பிக்கொண்டான்.

இப்போது வெள்ளை வண்டியில் போகிறேன்.
இருக்கை சுடுகிறது. மருந்து பின்னால் பத்திரம்.
ஏர்போலாத்துக்குக் கையில் வேலையில்லை,
சூரியகாந்தி விதை கொறிக்கிறான்.
மேடு வரும்போது மட்டும்
என் இரண்டு கைகளும் தாமாகவே
விலாவோடு ஒட்டிக்கொள்கின்றன,
இறுக்கமாக,
எதுவும் விழுந்துவிடக் கூடாது என்று.