கோ ஆஃப்

நாலு பத்துக்கு அலாரம் 'கோ ஆஃப்' ஆகும்.
அப்படியென்றால் அலறும் என்று பொருள்.
இது விளங்க டைவாவுக்கு
கிரிம்ஸ்பியில் ஒரு முழுக் குளிர்காலம் பிடித்தது.
வந்த புதிதில்
விளக்கு 'கோ ஆஃப்' ஆனபோது இருட்டில் நின்றவள் அவள்,
மீட்டருக்குள் போட ஒரு பவுண்டு நாணயத்தைத் துழாவியபடி.
ஒன்று வாயைத் திறக்கிறது
ஒன்று வாயை மூடுகிறது
இரண்டுக்கும் ஒரே சொல்லாம்.
எப்படித்தான் பிழைக்கிறார்கள் இந்த ஊரில்?

கேன்டீன் பிரிட்ஜில் பால் போத்தலின் மேல்
யாரோ எழுதி ஒட்டியிருந்தார்கள்: கான் ஆஃப்.
எங்கே போனது? இதோ இருக்கிறதே, பாதிக்கு மேல்.
தேநீரில் ஊற்றினாள்.
திரி திரியாய் மிதந்து வந்தது பதில்.

பிப்ரவரியில் ஒருநாள் தீயணைப்பு மணி.
(அதுவும் அதே சொல்தான்.)
ஹாடக் மீனை முள்ளெடுத்துக்கொண்டிருந்த நூற்றிருபது பேர்
வெள்ளை பூட்ஸும் நீல வலைத்தொப்பியுமாய்
கார் நிறுத்துமிடத்தில் நடுங்கினோம் என்பாள் டைவா,
அந்தக் கதையை எப்போது சொன்னாலும்.
தீ இல்லை. எவனோ ரொட்டியைக் கருக்கியிருந்தான்.
பக்கத்தில் நின்ற லொரெய்ன்
கையுறையைப் பல்லால் இழுத்துக் கழற்றி
சிகரெட் பற்றவைத்துச் சொன்னாள்:
"ஐ ஹேவ் கான் ஆஃப் ராய்ஸ்டன்."

டைவா தன்னிடமிருந்த அர்த்தங்களை ஒவ்வொன்றாய்ப் போட்டுப் பார்த்தாள்,
பொருந்தாத பூட்டில் சாவிக்கொத்தைப் போல.
கிளம்பிவிட்டாளா? வீட்டுச் சாவி கழுத்தில் தொங்குகிறதே.
வெடித்தாளா? நேற்றுகூட ராய்ஸ்டன்
முழு முகத்தோடு வேனில் வந்து கூட்டிப்போனான்.
"அடிக்கிறானா?"
"சேச்சே."
"வேறு பெண்?"
"அவனா? சோபாவை விட்டு எழுந்திருக்கணுமே அதற்கு."
"பிறகு என்னதான் செய்தான்?"
லொரெய்ன் புகையை யோசித்து விட்டாள்.
"ஒன்றும் செய்யவில்லை.
நண்டுக் குச்சி ஒருகாலத்தில் உயிர் எனக்கு.
ஒருநாள் பிடிக்கவில்லை.
அந்த மாதிரி."

முப்பத்தொரு வருடம்.
சிகரெட் பாதிகூட எரியவில்லை.

பேருந்தில், ஈரக் கண்ணாடியில் தலை சாய்த்து
டைவா தன் மொழியில் அதைச் சொல்லிப் பார்த்தாள்.
வாக்கியம் உடனே ஆளைக் கேட்டது.
குடித்தான், அல்லது கைநீட்டினான்,
அல்லது நான் பாவி.
யாராவது கூண்டில் ஏறியாக வேண்டும்.
இங்கே, வாலைப் போல ஒட்டிய ஒரு 'ஆஃப்',
யார்மீதும் வழக்கில்லை.
பால் எதையும் செய்வதில்லை.
பிரிட்ஜும் ஓடிக்கொண்டுதான் இருந்தது.
நாள் ஆயிற்று, அவ்வளவே.

ஞாயிறுதோறும் பானெவெழிஸிலிருந்து கின்டாரஸ் பேசுவான்.
கூரைத் தகடு விலை. பக்கத்து வீட்டுப் பன்றி.
மூடியைத் திருகி முகர்வதுபோல்
அந்தக் குரலை அவள் காதோரம் வைத்துக்கொண்டாள்.
முகர்ந்தாள். உடனே மூடினாள்.

ஏப்ரலில் ராய்ஸ்டனுக்கு அறுபது.
கிளப்பில் விருந்து, நன்றாக 'வென்ட் ஆஃப்' ஆனது என்றார்கள் எல்லோரும்.
டைவா ஒருகணம் திகைத்துச் சுற்றிலும் பார்த்தாள்.
எதுவும் வெடிக்கவில்லை, எதுவும் அணையவில்லை,
மயோனைஸ்கூடப் புளிக்கவில்லை.
கேக் வெட்டிய லொரெய்ன்
பெரிய துண்டை, சர்க்கரை ரோஜா உள்ளதை,
அவன் தட்டில் வைத்தாள்.
பிறகு இருவரும் அதே வேனில் ஏறி
அதே வீட்டுக்குப் போனார்கள்.
இதற்கு எந்தச் சொல் என்று
டைவாவுக்கு இன்றுவரை தெரியாது.

அன்றிரவு அவளே அழைத்தாள்.
கின்டாரஸுக்கு ஆங்கிலம் வராது.
அதனால் ஆங்கிலத்தில் சொன்னாள்,
லொரெய்ன் சொன்ன அதே நாலு சொல்,
கடைசியில் மட்டும் அவன் பெயர்.
"என்ன?" என்றான். "என் பேரு கேட்டுச்சு. என்ன?"
கம்பியில்லாத அந்தத் தொலைவில்
மூச்சு ஒன்று, அவளுடையதோ அவனுடையதோ.
"பால்," என்றாள், இருவருக்கும் தெரிந்த மொழியில்.
"பால் கெட்டுப்போச்சு."
"கொட்டிடு," என்றான்,
கூரைத் தகட்டுக்குத் திரும்பினான்.