வாளிச் சோதனை

இந்த ஜூனோடு மூன்றாவது கருவியையும்
கடலுக்குக் கொடுத்தாயிற்று.
முதலாவது, விறைத்த விரல்களிலிருந்து நழுவியது.
இரண்டாவதற்கு நானே பொறுப்பு:
கையெல்லாம் வெண்ணெய், வாயில் ரொட்டி.
மூன்றாவதைப் பற்றிப் பேச விரும்பவில்லை.

கோடியாக்கில் காற்று அடங்கும் காலைகள் குறைவு.
அப்படி ஒன்று வாய்த்தால்
துறைப்பலகையில் குப்புறப் படுத்துப் பாருங்கள்.
இரண்டு ஆள் ஆழத்தில் மினுங்கிக் கிடக்கும்
எல்லோருடைய குறடுகளும்.
யாருடைய திருப்புளி மேலோ
நட்சத்திர மீன் ஒன்று சம்மணமிட்டிருக்கும்.
இந்தத் தீவின் நல்ல பட்டறை
கடலிடம்தான் இருக்கிறது.

நெஸ்டரின் கடையில்
கண்ணாடிப் பெட்டிக்குள் பதினொன்று படுத்திருந்தன.
ஒன்றுக்கு மட்டும் இருபத்தோரு வேலை தெரியும்.
ஒயின் புட்டி திறக்கும் சுருள், செதில் சுரண்டி,
எறும்பைப் பெரிதாக்கும் கண்ணாடித் துளி.
"இதில் இல்லாதது எதுவுமில்லை" என்றான்.

என் வேலையைச் சொன்னேன்.

தண்ணீரில் வழுக்கி வரும் விமானத்தின்
இறக்கைக் கயிறு ஒரு கையில்.
மற்றதெல்லாம் இன்னொரு கையின்
கட்டைவிரலுக்கே திறக்க வேண்டும்.
நகத்தால் நெம்பும் கத்தி நகமுள்ளவர்களுக்கு;
கையுறைக்கு ஏது நகம்?
மிதவை அறைகளின் மூடி திருக ஒரு தட்டை முனை.
எஞ்சின் மூடியில் பிரிந்து நிற்கும் கம்பியை
முறுக்கிக் கட்ட எனக்கு உரிமம் இல்லை,
அது முழங்கையைக் கிழிக்காமல் மடக்கிவிடலாம்;
அதற்கு மூக்கு நீண்ட குறடு.
கயிறு சிக்கினால், விமானம்
அலையோடு போய்ப் பாறையைத் தேடும்.
ஒரே இழுப்பில் அறுக்கப் பல்வைத்த கத்தி.
பிறகு உப்பு.
'துருப்பிடிக்காதது' என்று பொறித்த எழுத்திலேயே
நான் துருவைப் பார்த்திருக்கிறேன்.

"இடுப்பில் கயிறு போட்டுக் கட்டிக்கொள்ளேன்."
"புரொப்பெல்லர் பக்கத்தில்
தொங்கும் கயிறோடு நான் நிற்க மாட்டேன், நெஸ்டர்.
ஒரு வாளித் தண்ணீர் கொடு."

என்னைப் பார்த்தான். கொடுத்தான்.
பழைய வலையிலிருந்து அறுத்த
ஆரஞ்சு மிதப்பு ஒன்று என் பையில் இருந்தது.
முடிந்து முடிந்து ஒவ்வொன்றாய் இறக்கினேன்.

இருபத்தோரு வேலைக்காரன்
மிதப்பையும் கூட்டிக்கொண்டு
அடியில் போய் உட்கார்ந்தான்.
அடுத்ததும்.
தூண்டில் முள் வாங்க வந்த பையன்கள் இருவர்
பந்தயம் கட்டத் தொடங்கினார்கள்.
ஐந்தாவது மட்டும்
ஆரஞ்சு நெற்றி தெரிய நின்றது.
நல்ல தண்ணீரிலேயே நிற்கிறது,
உப்பில் இன்னும் ஒரு விரல் உயரும்.
குறடு, கத்தி, கம்பி வெட்டி, இரண்டு முனை.
"ஒரு கத்தரிக்கோல்கூட இல்லையே, மாட்ரோனா."
"எனக்குப் பல் இருக்கிறது."
"நனைத்த ஐந்தையும் நீதான் வாங்க வேண்டும்."
ஒன்றுக்குக் காசு கொடுத்தேன்,
நான்கைச் சட்டையில் துடைத்து வைத்தேன்.

வியாழன் மாலை ஃபெடோசியா இறங்கினாள்.
நான்கு பேர், ஒரு நாய், தபால் மூட்டை இரண்டு.
கயிற்றை முளையில் சுற்றிவிட்டு
மூட்டையின் கட்டை அறுக்க
இடுப்பிலிருந்து எடுத்தேன்.
கட்டைவிரல் கத்தியைத் தொடுவதற்குள்
நாய் குதித்தது, என் முழங்கை மேல்.

தொபுக்.

மிதக்கிறது.
வாளி சொன்னபடியே மிதக்கிறது,
துறைக்கும் மிதவைக்கும் நடுவே,
கைக்கு மூன்று அடி தள்ளி.
இப்போது நான்கு.
கொக்கிக்கழி கொட்டகையில்.
பெட்டி எங்கே என்கிறார் ஒரு பயணி.
ஃபெடோசியா மிதவையில் மண்டியிட்டுக்
கை நீட்டிப் பார்க்கிறாள்.
நாயும் பக்கத்தில் நின்று
தானும் பார்க்கிறது.
ஓதம் உள்ளே வருகிறதா வெளியே போகிறதா என்று
யாரும் கேட்கவில்லை.

வெளியே.