மிதப்பவை, மிதக்காதவை

மே மாதம். டோருன் நகரத்துக் கார்க் கூரைகளில் எல்லாம்
பைன் மரங்கள் மஞ்சள் தூவியிருந்தன.
பியெத்ராசிக் தீப்பெட்டியோடு வந்தார்.
ஓய்வுபெற்ற டிராம் ஓட்டுநர், இடக்கையில் ஊன்றுகோல்.
"புழு" என்றார், பெட்டியைத் திறக்காமலே.
"மூன்று நாளாய் மாக் ஒழுங்காய்ச் சாப்பிடவில்லை."

மாக் என்றால் கசகசா.
கோட்டுக்குள்ளிருந்து தலைநீட்டியது அந்த ஃபெரெட்,
மூக்கின்மேல் தெளித்தாற்போல் புள்ளிகள்.
மற்ற நாளென்றால் என் ஷூ லேஸைப் பிடித்து இழுக்கும்.
இன்று என் கையை முகர்ந்துவிட்டுக்
கண்ணை மூடிக்கொண்டது.

நான் இங்கே மலம் பார்ப்பவள்.
பதினோரு வருடம். விருந்துகளில் இதைச் சொல்வதில்லை.
ஒரு கடலையளவு எடுத்து
துத்தநாக உப்புக் கரைசலில் கலக்கி வடிகட்டி
குழாயின் வாயில் நீர் ததும்பி நிற்க
மேலே மெல்லிய கண்ணாடிச் சில்லை மூடுகிறேன்.
கனத்தது கீழே போகும்.
முட்டை மேலே வந்து கண்ணாடியில் ஒட்டும்.
பதினைந்து நிமிடம்.
அவசரப்பட்டால் கண்ணாடி பொய் சொல்லும்.

முதலில் ஒரு வட்டம்: தடித்த கறுப்பு விளிம்பு, உள்ளே ஒன்றுமில்லை.
காற்றுக் குமிழி. முதல் வருடம் இதற்கு நான்
மருந்தே எழுதச் சொல்லியிருக்கிறேன்.
அடுத்தது இரண்டு பக்கமும் பை கட்டிய விநோதம்.
பைன் மகரந்தம்,
கார்க் கூரையிலிருந்து குடலுக்குள்ளும் போயிருக்கிறது.
ஒரு ரோமம். இன்னொரு ரோமம்.
பிறகு, ஓரத்தில், நீள்வட்டமாய் ஒரே ஒரு காக்சிடியா,
வாடகை கொடுக்காத குடித்தனக்காரன் மாதிரி
ஓசையில்லாமல்.
ஒன்று போதாது, இப்படிச் சோர்ந்துபோக.
உப்புநீரில் வேறொரு துளி வைத்து ஜியார்டியா தேடினேன்.
உதிரும் இலைபோலப் புரண்டு வரும் அது.
எதுவும் உதிரவில்லை.

கடைசியில் தீப்பெட்டி.
சாம்பல் நிறம், அரை விரல் நீளம்.
வாய் இல்லை. கணு இல்லை. நசுக்கினால்
முட்டை கொட்டவில்லை.
இடுக்கியால் இழுத்தேன்: நீண்டது.
விட்டேன்: சுருங்கியது.

அப்போதுதான் காதில் விழுந்தது,
காலையிலிருந்து கேட்டுக்கொண்டே இருந்த சத்தம்.
வராந்தாவில் அவர் நடக்கிறார்:
மெத், டிங். மெத், டிங்.
ஊன்றுகோலின் அடியில் ரப்பர் இல்லை.
வெறும் உலோகம் தரையைத் தட்டுகிறது.

"புழு இல்லை" என்றேன்.
சிரித்தார். பின் என் முகத்தைப் பார்த்துச்
சிரிப்பைப் பாதியில் வைத்துவிட்டார்.
புழுவாய் இருந்திருக்கலாம் என்று நினைத்தேன்,
இந்த வேலையில் அப்படி நினைப்பது இதுவே முதல் தடவை.
புழுவுக்கு மருந்து உண்டு.
இதற்குக் கத்திதான்.
டாக்டர் யாட்விகா வயிற்றை அழுத்திப் பார்த்து
"இங்கே" என்றாள்,
விளக்கைப் போட்டாள்.

ஊன்றுகோலைத் தலைகீழாய்ப் பிடித்துக்கொண்டு
பெஞ்சில் உட்கார்ந்திருந்தார் பியெத்ராசிக்.
"ராத்திரி கட்டிலோரம் சாத்திவைப்பேன்,
விளையாடுகிறான் என்று நினைத்தேன்."
நான் பேண்டேஜ் எடுத்துவந்து
அந்த உலோகக் காலைச் சுற்றிக் கட்டினேன்,
ஏழெட்டுச் சுற்று. வேறென்ன செய்வது?

ஒரு மணிநேரம் கழித்துத் தட்டில் வந்தது துண்டு,
மொச்சைக்கொட்டை அளவு, ஓரமெல்லாம் பல்தடம்.
உள்ளே மாக் மூச்சு விட்டுக்கொண்டிருந்தது.
எதற்கென்று தெரியாமல்
அதை என் கரைசலில் போட்டுப் பார்த்தேன்.
நேரே அடியில் போய் உட்கார்ந்தது.