வலப்பக்கம்

இருபது கொண்டை ஊசி வளைவுகள்.
நூற்றெட்டு வண்டியில் படுத்தபடி
ஒவ்வொன்றையும் என் விலா எண்ணியது.
பல் தந்தியடித்ததை
மலைக்குளிர் என்றே சொல்லியிருந்தார் மேஸ்திரி.
அடிவாரத்து வெயிலிலும் நடுங்கினேன்.

சேலம் பெரியாஸ்பத்திரி.
தூக்கம் கலையாத கண்களோடு ஒரு டாக்டரம்மா
முதுகில் முஷ்டியை வைத்து லேசாகத் தட்டினார்.
நான் கத்தியதை
ஒரு கூட்டல் குறியாக எழுதிக்கொண்டார்.

கடைசியாகத் தலைக்குக் குளித்தது எப்போது?
மிளகுக் கொடி கட்டிய வாரம் என்றேன்.
தேதி வேண்டும் என்றார்.
சுவர்க் காலண்டரில்
சந்தை நாளிலிருந்து பின்னோக்கி நடந்து
ஒரு செவ்வாயில் நின்றோம் இருவரும்.
ஒன்பது வாரம்.
அதுவரை எனக்கும் பொன்னுராசுக்கும் மட்டும் தெரியும்.
இல்லை, அதுவும் பொய்.
எனக்கு மட்டும்தான்.

சிறுநீரில் சீழ்.
வளர்த்துப் பார்த்ததில்
ஏதோ கோலி என்று தாள் வந்தது.
தம்பியின் கால்சட்டைப் பையில்
உருளும் கோலிகள்தான் ஞாபகம் வந்தன.

'தண்ணியே குடிக்கறதில்லையாம்மா?'

குடித்தால் ஒதுங்க வேண்டும்.
காப்பிச் செடி மறைவில் அட்டை.
பாதையில் மேஸ்திரி.
லயம் வரை போய்வந்தால் கூலியில் பிடிப்பு.
காலை ஏழிலிருந்து மூன்று மணி வரை
அடக்கிப் பழகிய உடம்பு.
எல்லாம் சொன்னேன். தலையாட்டிக் கேட்டார்.
தாளில் அதற்குக் கட்டம் இல்லை.
'காரணம்' என்ற இடத்தில்
சின்னதாக ஒரு கோடு இழுத்திருந்தார்.

ஸ்கேன் அறையில் குளிர்ந்த பசை.
விலாவில் சிறுநீரகத்தைத் தேடிய கருவி
அப்படியே அடிவயிற்றுக்கு வழுக்கி வந்தது.
அதே இருட்டு.
அதில் மட்டும் ஏதோ துடித்தது.

தாளில் அடுத்தடுத்த வரிகள்:
வலது சிறுநீரகம் சற்றே வீக்கம்.
கருப்பையில் ஒற்றைக் கரு, இருபத்து மூன்று மில்லிமீட்டர்.
இதயத் துடிப்பு உள்ளது.

என் பிள்ளையைப் பற்றி
யாரோ எழுதிய முதல் வாக்கியம்
சீழுக்குக் கீழே,
ஊசி மருந்தின் பெயருக்கு மேலே,
என் காய்ச்சல் கணக்குக்கு நடுவில் கிடக்கிறது.
அட்டையில் சிவப்பு மையால் வட்டம் வேறு.
நாகலூர் நர்ஸ் ஜெபமணி கேட்பார் என்று
மடிக்காமல் மஞ்சள் பையில் வைத்தேன்.

ஆறாம் நாள் ஏற்காடு பஸ்.
டாக்டரம்மா சொன்னபடி
ஒரு பாட்டில் முழுக்கக் குடித்திருந்தேன்.
பதினொன்றாவது வளைவில் எழுந்து நின்றேன்.
'நிறுத்துங்க.'
வாந்தியா என்றார் கண்டக்டர்.
இல்லை என்றேன்.
என்னவென்றும் சொன்னேன்,
கடைசி சீட் வரைக்கும் கேட்க.

இஞ்சினை அணைக்காமல் நின்றது வண்டி.
தடுப்புச் சுவரில் ஒரு குரங்கு
கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தது.
பார்க்கட்டும்.