முர்டோவிடம் ஒரு தாள்

வரைபடத்தை எந்தப் பக்கம் மடித்தாலும்
ஸ்கூர் உவான்யா மடிப்பிலேயே விழுகிறது.
பத்து வருட மடிப்பு.
உச்சி இருந்த இடத்தில் ஒரு கிழிசல்.
அதன் வழியே ஒற்றைக் கண்ணால் பார்த்து
"தெளிவாகத் தெரிகிறது" என்கிறாள் எஃபி.

டிங்வாலில் அவள் அடுப்படி மேசை.
நான்கு மூலைக்கும் பாரம்:
உப்பு ஜாடி, தேநீர்க் கெண்டி,
மெழுகு பூசக் காத்திருக்கும் ஒற்றை பூட்ஸ்,
என் முழங்கை.
வெளியே வியாழனிலிருந்து
மழை விட்டும் தூவானம் விடவில்லை.

சமஉயரக் கோடுகள் வடக்கே
அகல அகலமாய், சோம்பலாய்க் கிடக்கின்றன.
கிழக்கே நெருங்கி, இன்னும் நெருங்கி,
யாரோ காப்பி கொட்டிய பழுப்பு.
நான் விரலை எடுத்துக்கொண்டேன்.
எஃபி எடுக்கவில்லை.

சாலை முடிகிற இடத்திலிருந்து பதினான்கு கிலோமீட்டர்.
ஒன்பது வரை சைக்கிள்.
அப்புறம் சேறு, சரளை, அப்புறம் கை ஊன்றுகிற பாறை.
ஏறி இறங்கப் பதினொரு மணி நேரம் என்றாள்.
பதின்மூன்று என்றேன்,
சதுப்புக்கு ஒன்று, என் இடது முழங்காலுக்கு ஒன்று.
இதில் சண்டை இல்லை.
சண்டை வந்தது சாக்லேட் எத்தனை பார் என்பதில்.

மான் வேட்டைக் காலம், கேட்காமல் போகக்கூடாது.
எஸ்டேட்டுக்குப் போன் போட்டோம்.
எடுத்தவர் வாயில் ரொட்டி இருந்தது.
"செவ்வாய் வேண்டாம், மேற்குச் சரிவில் துப்பாக்கிகள்.
புதன் வாருங்கள்.
பாலமா? எந்தப் பாலம்?"
ஜனவரி வெள்ளம் அதை ஏரிக்கு இழுத்துப் போய்விட்டதாம்.
வரைபடத்தில் இன்னும் நிற்கிறது
எறும்பளவு கறுப்பாய்.
எஃபி பென்சிலால் அடித்தாள்.
ஆறு உடனே அகலமானது.

"முழங்காலுக்கு மேல் தண்ணீர் என்றால் திரும்பிவிடுங்கள்."
"யார் முழங்கால்?" என்றாள் எஃபி.
என்னைவிட ஒரு சாண் குட்டை அவள்.

கடைசியில் அந்தத் தாள்.
பெயர், வண்டி எண், மேலங்கி நிறம்,
போகிற வழி, மிரண்டால் திரும்புகிற வழி.
அடியில் ஒரு வரி:
இத்தனை மணிக்குள் வராவிட்டால்
போலீசுக்குச் சொல்ல வேண்டியவர்.
பேனா நின்றது.
எனக்கு எஃபி.
எஃபிக்கு நான்.
இருவருமே மலைமேல்.

என் கீழ்வீட்டில் முர்டோ.
பச்சைக் குப்பைத்தொட்டி விஷயமாய்
ஏப்ரலிலிருந்து பேச்சில்லை.
தட்டினேன்.
கதவை முழுசாய்த் திறக்காமலே
தாளைக் கண்ணுக்கு எட்டப் பிடித்துப் படித்தார்,
மேலங்கி நிறத்தை இரண்டு முறை.
"பத்து மணிக்கு நான் தூங்கிவிடுவேன்."
ஒன்றும் சொல்லாமல் நின்றேன்.
"ஒன்பது என்று எழுது.
ஒன்பது என்றால் ஒன்பது. ஒன்பதேகாலுக்கு
நான் யோசித்துக்கொண்டிருக்க மாட்டேன்."
அடித்து எழுதினேன், அவர் கதவிலேயே தாளை வைத்து.
"மேலே போனால் என்ன தெரியும்?"
"பெரும்பாலும் மேகம்."
உம் என்றார்.
ஃப்ரிட்ஜில், நண்டு வடிவக் காந்தத்தின் கீழ்,
பல் டாக்டர் சீட்டுக்குப் பக்கத்தில் வைத்ததைப் பார்த்தேன்.

ஒன்பது என்றால்
வீட்டிலிருந்து மூன்றரைக்கே கிளம்ப வேண்டும்.
எஃபி திட்டினாள், முதலில் என்னை, பிறகு முர்டோவை,
பிறகு அலாரம் வைத்தாள்.
புதனுக்கு வானிலை:
காற்று நாற்பத்தைந்து மைல்,
உச்சி தெளிய வாய்ப்பு பத்து சதவீதம்.

இப்போது கிழிசலுக்குச் செலோடேப் ஒட்டுகிறாள்,
நுனியைப் பல்லால் கடித்து.
விளிம்புகள் சேரவில்லை.
ஒரு மில்லிமீட்டர் விலகல்,
மலையில் அது ஐம்பது மீட்டர்.
"உச்சி மேற்கே நகர்ந்துவிட்டது" என்றேன்.
"நகரட்டும்," என்கிறாள்,
"மேகத்துக்குள் எப்படியும்
தேடத்தானே போகிறோம்."