மைனருக்கு நாற்பத்தைந்து நாள்

கோட்டையூர்க் கல்யாணத்தில்
ரோஸ்மில்க் கொட்டிய சிமெண்டுச் சரிவில்
மாப்பிள்ளையை இறக்கிவிட்ட பிறகுதான் வழுக்கினான்.
அந்த மரியாதை தெரிந்தவன்.

முன்னங்கால், இடது.
எலும்பில்லை, தசைநாண் என்றார் டாக்டர் மெர்சி
வீக்கத்தின் மேல் கையை வைத்துக்கொண்டே.
நாற்பத்தைந்து நாள் கொட்டில்.
ஓடக்கூடாது, துள்ளக்கூடாது, ஆடவே கூடாது.
அவர் சொல்லி முடிப்பதற்குள்
ஸ்டெதஸ்கோப்பின் ஒரு முனை
மைனர் வாயில் இருந்தது.

புதுவயல் மில்லிலிருந்து ஆறு மூட்டை உமி.
மெத்தையாகப் பரப்பினேன்.
படுத்துப் பார்த்தான், புரண்டு பார்த்தான்,
மூக்கால் ஊதிப் பார்த்தான்.
என் தலையில் அரை மூட்டை.

காலையில் இருபது நிமிடம் தண்ணீர்,
மாலையில் இருபது நிமிடம்.
சித்திரையில் பள்ளத்தூர்க் குழாயில் வருவது வெந்நீர்.
மீன்கடை ரபீக்கிடம் ஐஸ் வாங்கிக் கரைப்பேன்.
கால் முழுக்க வஞ்சிரம் மணக்கும்.
அவன் அதை மோந்துவிட்டு
என்னை ஒரு மாதிரிப் பார்ப்பான்.

கட்டை அவிழ்ப்பதில் கெட்டிக்காரன்.
வேப்பெண்ணெய் தடவினேன், நக்கினான்.
மிளகாய்ப் பொடி குழைத்துத் தடவினேன்:
மேலுதட்டைச் சுருட்டிக் கூரையைப் பார்த்தான்,
கொஞ்சம் யோசித்தான்,
மறுபடி நக்கினான்.
இந்தப் பக்கத்துக் குதிரைக்கு
எந்தக் காரம் காரம்?

"அய்யனார் கோயில் மண்குதிரையாட்டம்
ஒரு நாளாவது நில்லேன்டா"
என்று வெள்ளைக்கண்ணு கும்பிட்டே விட்டார்.

மூன்றாவது வாரம்தான் புரிந்தது,
அடிபட்ட காலைவிட ஆபத்து அவன் சந்தோஷம்.
என் செருப்புச் சத்தம் கேட்டாலே எழும்புவான்.
செருப்பை வாசலிலேயே விட்டேன்.
விசிலை விட்டேன். வெல்லத்தை விட்டேன்.
பெயர் சொல்லிக் கூப்பிடுவதையும்.
கரண்டு பில் கட்டப் போகிறவள் மாதிரி
முகத்தை வைத்துக்கொண்டு உள்ளே போனேன்.
காதைத் தாழ்த்தி, என்ன தப்புச் செய்தேன் என்பதுபோல்
நின்றான்.
நின்றான், அதுதானே வேண்டும்.
வாளி கழுவுகிற சாக்கில்
கொஞ்ச நேரம் குழாயடியில் இருந்தேன்.

முப்பதாம் நாள் ஐந்து நிமிட நடைக்கு அனுமதி.
டிரான்ஸ்பார்மர் வரை போய்த் திரும்ப வேண்டும்.
நிறுத்தியிருந்த ஒவ்வொரு பைக்கின் கண்ணாடியிலும்
குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான்.
உதட்டைக் கடித்துக்கொண்டேன்.

வைகாசியில் நான்கு முகூர்த்தம்.
அட்வான்ஸைத் திருப்பிக் கொடுத்துவிட்டு வந்தவர்
சாப்பிடாமல் படுத்தார்.
"இனி ஆடுவானா?"
"நடப்பான்."
"நான் அதைக் கேட்கலை."

முப்பத்தெட்டாம் நாள் சாயங்காலம்
அடுத்த தெருவில் மேளம்.
முதல் தவில் அடிக்கே
தோளில் தொடங்கி இடுப்புவரை
அவன் தோலில் ஓர் அலை ஓடியது.
இடது கால் உமியை விட்டு
ஒரு விரற்கடை உயர்ந்தது.
அந்தச் சத்தத்துக்குத்தான் அந்த நடை.
ஒன்றரை வருடம் நாங்களே பழக்கியது.

கயிறு பிடிக்க நேரமில்லை.
வாளியைக் கவிழ்த்து, மேலே ஏறி,
அவன் இரண்டு காதையும்
உள்ளங்கைகளால் பொத்தினேன்.

உள்ளே என்ன கேட்டதோ.
பிடிபட்ட குருவிகள் மாதிரி
காதுகள் கைக்குள் திமிறின.
பிறகு அடங்கின.
நெற்றியை என் வயிற்றில் சாய்த்தான்.
கால் உமிக்குத் திரும்பியது.
தெருமுனையில் மாப்பிள்ளை காரில் போனார்,
கண்ணாடி ஏற்றி, ஏசி போட்டு.

மேளம் கடைத்தெருப் பக்கம் தேய்ந்த பிறகும்
கையை எடுக்கவில்லை.
விரலெல்லாம் மரத்திருந்தது.
அவன்தான் முதலில் அசைந்தான்:
என் தோளிலிருந்த துண்டை
மெல்ல, மிக மெல்ல உருவி
தலையை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான்.

"மைனரு" என்றேன்,
பதினேழு நாளுக்குப் பிறகு.

திருப்பித் தரவில்லை.