ஆள்கணக்கு

மக்கள்தொகை முந்நூத்திப் பன்னெண்டு என்று
பஞ்சாயத்துச் சுவரில் பெயின்ட்டில் எழுதியிருக்கிறது.
சுவருக்கு வெள்ளையடித்தே எட்டு வருஷமாச்சு.
ஓட்டர் லிஸ்ட்டில் இருநூத்தி எழுபது.
ரேசன் கார்டு தொண்ணூத்தி நாலு.
பூட்டின வீடு நாப்பத்தொண்ணு,
அது நானே நடந்து எண்ணினது.
பஸ்ஸில் ஏறுகிறவர்கள் ஏழு.

அந்த ஏழைத்தான் டிப்போவில் எழுதிக்கொண்டார்கள்.

அஞ்சரைக்கே கம்பெனி வேன் மூணு வந்துவிடும்.
இட்டேரி முக்கில் திரும்பும்போது
கிளுவை வேலி கண்ணாடியைக் கீறும்.
பனியனுக்கு ரெண்டு, நூல் மில்லுக்கு ஒண்ணு,
தூக்கம் கலையாத பிள்ளைகளை அள்ளிக்கொண்டு போய்விடும்.
ஆறே முக்காலுக்குப் பன்னெண்டு ஏ வரும்போது
மிச்சம் நிற்பது வேனுக்கு ஆகாத ஜனம்.
சர்க்கரை மாத்திரைக்குப் போகிறவர்,
பங்காளி வழக்கில் வாய்தாவுக்குப் போகிறவர்,
ஒன்பதாவது படிக்கிற நிவேதாஸ்ரீ,
தக்காளிக் கூடை.
கூடைக்கு லக்கேஜ். ஆளாய் எண்ண மாட்டார்கள்.

கிளை மேலாளர் நல்ல மனுசர்தான்.
டீ வாங்கித் தந்தார்.
டீசல் கணக்கை என் பக்கமாய்த் திருப்பி வைத்தார்.
கிலோமீட்டருக்கு இத்தனை, ஆளுக்கு இத்தனை.
நீங்களே சொல்லுங்கம்மா என்றார்.
நான் பத்தாவது பாஸ்.
கணக்குப் புரிந்ததுதான் வயித்தெரிச்சல்.

நூறுநாள் வேலையில் வருகை எடுக்கிறவள் நான்.
அன்று ராத்திரி நோட்டின் கடைசிப் பக்கத்தில் கோடு போட்டேன்.
திங்கள் சாமியாத்தாள், மேக்காட்டு வள்ளிநாயகி.
செவ்வாய் தெக்கு வளவில் மூணு வீடு.
காலனியையும் ஊரையும் ஒரே தாளில் எழுதினதுக்கு
ஒரு வாரம் பேச்சு வந்தது.
பஸ் நின்னா ரெண்டு பேருக்குந்தானே நிக்கும் என்றேன்.
பேச்சு நிற்கவில்லை. ஆனால் வந்தார்கள்.

பொம்பளைக்குக் காசில்லை, சீட்டு மட்டும் கிழியும்.
ஏறணும். எண்ணெய் மில் வரைக்கும் போகணும்.
இறங்கி நாலு கிலோமீட்டர் நடந்து
வெயிலுக்கு முந்தி வீடு சேரணும்.
அவ்வளவுதான் வேலை.
சும்மா போறதுக்கு என்னத்தைக் கட்டறது என்று
முதல் நாள் சலித்துக்கொண்ட சரோஜாமணி
இப்போது புதன்கிழமைக்கென்று ஒரு சேலை வைத்திருக்கிறாள்.
ஜன்னல்ல பார்த்தா நம்ம காடே
வேற யாருதோ மாதிரி இருக்குதுங்க்கா என்கிறாள்.

மூணாம் நாளே கண்டக்டர் அய்யாவு கண்டுபிடித்துவிட்டார்.
ஏனுங்க, எங்கீங்க போறீங்க?
போறமுங்க.
அதுக்கு மேல் கேட்கவில்லை.
மில் நிறுத்தத்தில் மட்டும்
கொஞ்சம் நேரம் கொடுத்து விசிலடிப்பார்,
முழங்கால் வலிக்காரர்கள் இறங்கட்டும் என்று.

கொப்பரைக் களத்து சுபல் பரிடா
ஒடிசாவுக்குப் பணம் போட வியாழன்தோறும் காங்கேயம் போவார்.
முழுக் காசு கொடுத்து ஏறுகிறவர்களில் அவர் ஒருத்தர்தான்
மாசம் ஒரு வாரம்கூடத் தவறாதவர்.
ஓட்டர் லிஸ்ட்டில் இல்லை, கார்டில் இல்லை,
சுவரில் எழுதின முந்நூத்திப் பன்னெண்டிலும் இல்லை.
நோட்டை நீட்டினேன்.
வியாழனுக்கு நேராக அவரே எழுதினார்,
எங்களில் யாருக்கும் படிக்கத் தெரியாத
உருண்டை உருண்டை எழுத்தில்.

பங்குனியில் இருபத்தி மூணு வரைக்கும் போனது.
மறு ஆய்வு வரை தொடரலாம் என்று காகிதம் வந்தது.
மறு ஆய்வு எப்போது என்று காகிதத்தில் இல்லை.

நேற்று பன்னெண்டு ஏ வந்து திரும்புகிற இடத்தில்
தோளில் பையும் கையில் தண்ணி பாட்டிலுமாய்
ஒரு டீச்சர் இறங்கினாள்.
ஊர் ஜனத்தை எண்ணி எழுத வந்தவளாம்.
பூட்டின வீடுகளின் முன்னால்
கொஞ்ச நேரம் கூப்பிட்டுப் பார்த்தாள்.
பக்கத்து வீட்டில் கேட்டாள்.
வெள்ளவேலா மர நிழலில் உட்கார்ந்து கூட்டிப் பார்த்துவிட்டு
திரும்பிப் போக எத்தனை மணிக்குங்க பஸ் என்றாள்.

சாயங்காலம் அஞ்சே காலுங்க.
உங்க பேரு என்னங்க?

எதுக்குங்க?

சும்மாதானுங்க என்று
கடைசிப் பக்கத்தைத் திறந்தேன்.